கொட்டகையில் கேட்ட என் குரல்

பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஒரு புளி வியாபாரியின் கொட்டகையில் உட்கார்ந்து நான் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் சென்னையில் ரேடியோவில் பேசிக்கொண்டும் இருந்தேன். இரண்டும் சத்தியம். தகரக் கூரைக்குக் கீழே பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு எவர்சில்வர் சொம்பு, சொம்புக்குள் அம்மாவின் செல்போன். அப்படி வைத்தால் சத்தம் கூடும் என்பது அம்மாவின் கண்டுபிடிப்பு. அந்தச் சொம்புக்குள்ளிருந்து என் குரல், "சாப்டாச்சா மக்களே, இன்னிக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டது.

"களியும் கீரையும்" என்று என் பக்கத்தில் இருந்த அக்கா பதில் சொன்னார். சொம்பைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்க்கவில்லை.

நான் சென்னையில் ஒரு தனியார் எஃப்.எம். நிலையத்தில் மதிய நிகழ்ச்சி நடத்தியவள். ஆர்.ஜே. என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்டூடியோவில் போன் விளக்கு அணையவே அணையாது. தையல் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், ஹாஸ்டல் பெண், மாமியாருக்குத் தெரியாமல் மொட்டை மாடியிலிருந்து பேசும் மருமகள் என்று வரிசையில் நிற்பார்கள். பாட்டுக் கேட்பது ஒரு சாக்கு. மதியம் ஒரு மனித முகத்தோடு பேச வேண்டும், அவ்வளவுதான். முகம் எங்கே, வெறும் குரல்தானே என்பீர்கள். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது, எனக்கும் போதுமாக இருந்தது.

பிறகு எல்லார் கையிலும் பாட்டு வந்துவிட்டது. கேட்ட பாட்டு கேட்ட நொடியில் கிடைக்கும்போது, எனக்காக யார் காத்திருப்பார்கள்? முதலில் இரவு நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். அடுத்து காலை நிகழ்ச்சிக்கு வேறு ஊரில் ஒருவர் பேசி, அதையே எல்லா ஊருக்கும் ஓட்டினார்கள். அண்ணா சாலையில் நெரிசல் என்று சொல்ல ஆளில்லை, ஏனென்றால் அந்த மனிதர் அண்ணா சாலையைப் பார்த்ததே இல்லை. பேசினால் போதாது, கேமரா முன்னால் ஆடுங்கள், வீடியோ எடுத்துப் போடலாம் என்றார்கள். குரலுக்காக எடுத்த வேலையில் இடுப்பை எதற்கு ஆட்டுவது என்று நான் சண்டை போட்டேன். சண்டை போட்டுவிட்டு ஆடவும் செய்தேன். வாடகை கட்டமுடியாமல் எங்கள் தளத்தில் பாதியைப் பல் ஆஸ்பத்திரிக்கு விட்டார்கள். அதன்பிறகு நான் சோகப் பாட்டுக்கு முன்னுரை சொல்லும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் யாருக்கோ பல்லைக் குடைவார்கள். கதவைத் தவறித் திறக்கிற நோயாளிகள் கன்னத்தைப் பிடித்தபடி, டாக்டர் இருக்காங்களா என்று என்னைக் கேட்பார்கள்.

தை மாதக் கடைசியில் எனக்கும் தண்ணீர் தெளித்து விட்டார்கள். சொன்னவர் எங்கள் நிகழ்ச்சித் தலைவர். நல்ல மனிதர். என்னை வைத்துக்கொள்ள மேலிடத்தில் கெஞ்சியிருக்கிறார் என்பது அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. இனிமேல் கம்ப்யூட்டரே பாட்டுப் போடும், நடுநடுவே என்னுடைய பழைய கையிருப்பு ஓடும் என்றார்.

கையிருப்பு என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டு பாட்டுக்கு நடுவில் பேசுகிற பேச்சுக்கு லிங்க் என்று பெயர். லீவு நாள், பண்டிகை நாளுக்காக நாங்கள் சில லிங்க்குகளை முன்கூட்டியே பேசிப் பதிந்து வைப்போம்; வருடக்கணக்கில் அது நிறையச் சேர்ந்திருந்தது. அதற்கு ஒரு விதி உண்டு. கிழமை சொல்லக்கூடாது, மணி சொல்லக்கூடாது, வெயில் மழை எதையும் சொல்லக்கூடாது. என்றைக்கு ஓட்டினாலும் அன்றைக்குப் பேசியதுபோல இருக்கவேண்டும். நான் விதியை மீறி மழைக்கென்று தனியாகக் கொஞ்சம் பேசி வைத்திருந்தேன். ஐப்பசியில் வேளச்சேரி மூழ்கினால் என்னால் வேலைக்கு வர முடியாது, அதனால். பார்த்துப் போட ஒரு ஆள் இருந்தவரைக்கும் அதில் ஒரு ஆபத்தும் இல்லை.

பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன். வாசலிலேயே அம்மாவிடம் வேலை போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். எனக்கு எதையும் மூடி மறைக்க வராது. அம்மா பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். களி கிண்டிப் போட்டாள். அப்பா போன பிறகு அந்த வீட்டில் அவள் மட்டும்தான். மானாவாரியாக ஒரு துண்டு நிலம், ராகி முடிந்தால் புளி சீசனில் கொட்டகை வேலை. இரண்டு நாள் நான் சும்மா படுத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் என்னையும் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே போன பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. நான் என்னவோ சென்னைக்குப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஒலிபரப்பு செங்கல்பட்டைத் தாண்டினாலே அதிசயம். ஆனால் சில வருடத்துக்கு முன்னால் ஒரு பொங்கலுக்கு வந்தபோது அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்து, எங்கள் நிலையம் கேட்கிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து மதியம் ஆனால் சொம்புக்குள் நான்தான். வேலை செய்கிற பெண்கள் என்னோடுதான் சோறு தின்றிருக்கிறார்கள். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறார்கள். உங்க வூட்டுக்காரர் கடைசியா எப்ப உங்களைப் பாராட்டினாரு என்று நான் ஒருநாள் விளையாட்டுக்குக் கேட்டேனாம். அன்றைக்குக் கொட்டகையே சிரித்து, கடைசியில் ஒருத்தி அழுதுவிட்டாளாம். எங்கள் நிலையத்தில் மாதாமாதம் யார் கேட்கிறார்கள் என்று கணக்கெடுத்து வந்து மீட்டிங் போடுவார்கள். அந்தக் கணக்கில் பென்னாகரம் புளிக் கொட்டகை ஒரு நாளும் வந்ததில்லை.

அம்மா கொட்டகைப் பெண்களிடம் நான் லீவில் வந்திருப்பதாகச் சொல்லி வைத்திருந்தாள். பின்னே குரல் எப்படி வருகிறது என்று கேட்டவர்களுக்கு, வரும்போதே பேசி வைத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று விளக்கமும் கொடுத்திருந்தாள். முக்கால் உண்மை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று வழியில் கேட்டேன். வேலை போய்விட்டது என்று தெரிந்தால் ஐயோ பாவம் என்று பார்ப்பார்கள், அந்தப் பார்வை தனக்கு வேண்டாம் என்றாள். தனக்கு என்றாள், எனக்கு என்று சொல்லவில்லை. அந்தக் கொட்டகையில் அவள் ரேடியோக்காரியின் அம்மா. அந்த மரியாதையில் கை வைக்க எனக்கும் மனம் வரவில்லை, அதனால் வாயை மூடிக்கொண்டு புளியைத் தட்டினேன்.

களியும் கீரையும் என்று பதில் சொன்ன அக்காவுக்கு வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவர் மகன் சென்னையில் கட்டட வேலையில் இருந்தான். ஒரு நாள் பங்குனி வெயில் தகரத்தைப் பிளந்துகொண்டிருந்தபோது சொம்புக்குள்ளிருந்து நான் குதூகலமாக ஆரம்பித்தேன். வெளிய நல்ல மழை, ஜன்னலோரம் உக்காந்து சூடா ஒரு டீ, அதோட இந்தப் பாட்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆள் இல்லாத நிலையத்தில் கம்ப்யூட்டர் வரிசையில் வந்ததை எடுத்துப் போட்டிருக்கிறது. கொட்டகையில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் அக்கா கவனித்தார். மகன் சாரத்தில் ஏறி வேலை செய்கிறவன், மழையில் கம்பு வழுக்கும். உடனே எழுந்து வெளியே போய் அவனுக்குப் போன் போட்டார்.

திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "எம் பையன் அங்க வெயில்ல காயறேங்கறான். நீ பேசி வெச்சுட்டு வந்தது சரிம்மா. இன்னிக்கு மழைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சுற்றிலும் புளி தட்டுகிற சத்தம் நின்றது. அம்மா மட்டும் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை தட்டிய வேகத்தைப் பார்த்தேன். புளியோடு கொட்டையும் நசுங்கிக்கொண்டிருந்தது. இதற்குமேல் அவளைப் பொய் சொல்ல விடக்கூடாது என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன். வேலை இல்லை, நிலையத்தில் பேச ஆளே இல்லை, நீங்கள் கேட்பது பழைய பேச்சு, மிஷின் ஓட்டுகிறது என்றேன். கூடவே ஒன்றைச் சொன்னேன். நான் நேரில் பேசிய காலத்திலும் நீங்கள் சொன்ன பதில் எதுவும் என் காதில் விழவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"அது எங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்தார் அக்கா. "கேட்டா பதில் சொல்லணுமில்ல. கேக்கறவங்ககிட்ட மூஞ்சத் திருப்பிக்கிட்டா உக்காருவாங்க?"

அதோடு விட்டார். ஐயோ பாவம் என்று யாரும் பார்க்கவில்லை. தன் முறத்திலிருந்து நன்றாகப் பழுத்த புளிச் சுளை ஒன்றை எடுத்து, உப்பில் தொட்டு, குழந்தைக்கு ஊட்டுவதுபோல என் வாயில் வைத்தார். பல்லெல்லாம் கூசியது. நான் கண் கலங்கினேன், புளிப்பு என்று சொல்லிக்கொண்டேன். அம்மா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவள் ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தாள். மறுநாளும் சொம்பில் போன் இருந்தது, அதற்குள்ளிருந்து நான் பேசினேன், அவர்கள் பதில் சொன்னார்கள். இப்போது என்னையும் பார்த்துச் சொன்னார்கள்.

அந்த வாரம்தான் நிகழ்ச்சித் தலைவர் கூப்பிட்டார். கையிருப்பு தீரப் போகிறது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன், அதையும் சொன்னார். ஆனால் அவர் கேட்டது வேறு. நிறுவனம் ஒரு மிஷின் குரலுக்கு ஏற்பாடு செய்கிறது. நான் சில நாள் ஸ்டூடியோவில் உட்கார்ந்து அவர்கள் கொடுப்பதை வாசித்தால் போதும், பிறகு என்ன எழுதிக் கொடுத்தாலும் மிஷின் என் குரலிலேயே பேசிவிடும். மழைக்கு மழை, வெயிலுக்கு வெயில், தப்பே வராது. ஒரே தடவை பணம், நல்ல பணம். அவர் குரலில் உற்சாகமில்லை. உங்களுக்காவது ஏதாவது கிடைக்கட்டும் என்றுதான் கேட்கிறேன், என் நாற்காலியும் ஆடிக்கொண்டிருக்கிறது என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

உண்மையைச் சொன்னால், பெரிய யோசனை ஒன்றும் இல்லை. சரி என்று சொல்வதாகத்தான் இருந்தேன். கையில் வேலை இல்லை. அதைவிட முக்கியம், நான் நாளைக்கே எங்காவது வேலை கிடைத்துப் போய்விடுவேன். இந்த வீட்டில் அம்மா மறுபடியும் தனி. மிஷினாக இருந்தால் என்ன, மதியத்தில் அவளுக்கு என் குரல் நிற்காமல் வந்துகொண்டிருக்கும். எனக்குச் சளி பிடிக்காது, தொண்டை கட்டாது, லீவு கிடையாது. நான் செத்தாலும் அவளோடு பேசிக்கொண்டிருப்பேன். இதைவிட ஒரு மகள் என்ன செய்துவிட முடியும் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மா மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தபோது, நல்ல சேதி சொல்கிற முகத்தோடு போய்ச் சொன்னேன். அவள் காய்ந்த சோளத் தட்டையை ஒடித்துக்கொண்டே கேட்டாள். அந்த மிஷின் நீ பேசுவது போலவே பேசுமா என்றாள். அச்சு அசலாகப் பேசும் என்றேன். அது எப்போதும் நன்றாகவே பேசுமா என்றாள். ஆமாம், எப்போதும் ஒரே மாதிரி, உற்சாகமாகப் பேசும் என்றேன்.

"அப்ப எனக்கு எதுக்கு அது?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. உனக்காகத்தான் ஒத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், இத்தனை வருடம் நீ விடாமல் கேட்டாயே என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அவள் கையில் இருந்த தட்டையைக் கீழே வைத்தாள்.

"நான் எங்க, பாப்பா, நீ சொன்னதக் கேட்டேன்? பாட்டு, சினிமா, எனக்கு என்ன புரியுது அதுல. நீ எப்படி இருக்கறேன்னு கேட்டேன். மூக்கடைப்பு இருந்தா தெரியும். ராத்திரி தூங்கலைன்னா தெரியும். சோறு தின்னாமப் பேசினா வார்த்தைக்கு நடுவுல எச்சி முழுங்குவ. அது போதும் எனக்கு."

பிறகு அவள் சொன்னது நான் அறியாத கதை இல்லை, எனக்கே நடந்த கதை. என் கல்யாணம் முறிந்த வருடம். வீட்டை விட்டு வெளியே வந்த மறுநாள் நான் வேலைக்குப் போய் வழக்கம்போலப் பேசினேன். யாருக்கும் தெரியவில்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நிகழ்ச்சித் தலைவருக்கே தெரியவில்லை. நேயர்கள் வழக்கம்போலச் சிரித்தார்கள். அடுத்த நாள் காலையில் அம்மா ராகி மாவுப் பையோடு எங்கள் நிலையத்து வாசலில் நின்றாள். கண் ஆஸ்பத்திரிக்கு வந்தேன், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றாள். என்னோடு பத்து நாள் இருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை. அவள் வந்த நேரம் நல்ல நேரம், இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ என்று பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். தற்செயல் என்றே நினைத்திருந்தேன்.

"அன்னிக்கு நீ ரொம்ப நல்லாப் பேசின" என்றாள் அம்மா. "அவ்வளவு நல்லா நீ எப்பவும் பேச மாட்ட. கொட்டகையில பாதி வேலைய வுட்டுட்டு பஸ்ஸேறிட்டேன்."

மாடு தலையை நீட்டித் தட்டையை இழுத்தது. கீழே கிடந்த தட்டையை எடுத்து ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு மாதமாகப் பழைய பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, சொம்புக்குள்ளிருந்து வந்த நான் எப்போதும் சுகமாகவே இருந்திருக்கிறேன். எதிரில் நான் சோர்ந்து உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரிந்தது, அதனால் அந்தக் குரலை அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. நான் எதிரில் இல்லாத ஒரு நாளில் அந்தச் சுகமான குரலை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? தினமும் எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்று மிஷின் அவளுக்குப் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்கு நான் கையெழுத்துப் போட இருந்தேன்.

நிகழ்ச்சித் தலைவரைக் கூப்பிட்டு முடியாது என்றேன். காரணம் கேட்டார். அம்மாவுக்கு இஷ்டமில்லை என்றேன். நாற்பது வயதில் அம்மாவைக் காரணம் சொல்கிறாளே என்று நினைத்திருக்கலாம், ஆனால் அவர் சிரிக்கவில்லை. நல்லது என்று மட்டும் சொன்னார். சித்திரையில் கையிருப்பு தீர்ந்தது. கொட்டகையில் ஒரு மதியம் பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வந்தது, நடுவில் நான் வரவில்லை. அக்கா போனை எடுத்து அணைத்து அம்மாவிடம் கொடுத்தார். புளி சீசனும் கடைசியில் இருந்தது.

வைகாசியில் நான் சென்னைக்குத் திரும்பினேன். பள்ளிப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் வேலை. தினக்கூலி மாதிரிதான். புறா கூடு கட்டிய ஜன்னலுள்ள ஒரு அறை. பகலெல்லாம் ஒளிச்சேர்க்கையும் சோழர் ஆட்சியும் வாசித்தேன். வாசித்ததை யார் கேட்கிறார்கள் என்று தெரியவில்லை. ஒரு மாதத்துக்குள் அங்கேயும் சம்பளம் தள்ளிப் போக ஆரம்பித்தது. சரி, எனக்கு இனி இந்த ஊரில் ஆகாது என்று உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

அம்மா எனக்கு ஒருநாளும் மதியத்தில் போன் செய்ததில்லை. வேலை நேரம் என்று அவளுக்கு ஒரு பயம், நான்தான் ராத்திரி கூப்பிடுவேன். அன்றைக்கு மதியம் அவளே கூப்பிட்டாள். நான் டீக்கடையில் பன் தின்றுகொண்டிருந்தேன். ஏதாவது பேசு என்றாள். என்ன பேசுவது என்றேன். எதையாவது பேசு, ரேடியோவில் பேசினாயே அதுபோலப் பேசு என்றாள்.

பேசினேன். தொழில் பழக்கம், குரல் தானாக மேலே ஏறிக்கொண்டது. வேலை நன்றாகப் போகிறது, அறை காற்றோட்டமாக இருக்கிறது, கூட வேலை செய்கிறவர்கள் தங்கமானவர்கள், இப்போதுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன், அடுத்த மாதம் சம்பளம் கூட்டிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பிசிறு இல்லை. மைக்குக்கு முன்னால்கூட அவ்வளவு அழகாக நான் பேசியதில்லை. அந்தப் பக்கம் அம்மா ஒரு வார்த்தை குறுக்கிடவில்லை. நான் பேசி முடித்தேன். லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், போகவில்லை.

"பாப்பா" என்றாள் அம்மா.

அந்த ஒரு சொல்லோடு எனக்கு உடைந்துவிட்டது. டீக்கடை வாசலில், பஸ் இரைச்சலில், கையில் பன்னோடு நின்று விம்மி விம்மி அழுதேன். கடைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அம்மா போனை வைத்துவிடப் போகிறாளோ என்று பயந்து, இரும்மா, இரும்மா என்று சொன்னேன்.

"அழுவு. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன்" என்றாள்.